2003 மஸ்டாங் கோப்ராவில் புல்லியை மாற்றுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஹூஸ்டனில் இருக்கிறார். 2003 மஸ்டாங் எஸ்.வி.டி. (ஃபோர்டின் வேக வண்டிப் பிரிவு) கோப்ரா ஒன்றை அதன் இரண்டாவது உரிமையாளரிடமிருந்து வாங்கியிருக்கிறார். வண்டி ஏறக்குறைய கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதாம். வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு, சனி ஞாயிறில் ஒரு நீண்ட சுற்று. "சின்னப் புல்லி, டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), எக்ஸாஸ்ட் மூன்றும் போட்டால் சக்கரத்திலேயே 450 குதிரை வரும் என்கிறார்கள். கையில் ஆறாயிரம் டாலர் இருக்கிறது. ஆனால் வண்டி தினமும் ஓட்டுவதற்கும் நன்றாக இருக்க வேண்டும். எதில் ஆரம்பிக்கலாம்?"

இதில் ஒரு "ஆனால்" இருக்கிறதே, உண்மையான கேள்வி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. 450 குதிரையை வரவழைப்பது இந்த இன்ஜினில் ஒரு மதிய நேரத்து வேலை. அந்த 450-ஐ வைத்துக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் டிராஃபிக்கில் நிற்பதும், மழையில் நனைந்த ரோட்டில் இரண்டாவது கியரில் திரும்புவதும், இருபது வருடத்துக்கும் மேல் பழசாகிப்போன ரப்பர் புஷ்களோடு நெடுஞ்சாலையில் போவதும்தான் பாடு. என் பதிலை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்: புல்லியை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரத்தை, கடைசியில் மாற்றுங்கள். பணத்தில் பாதிக்கு மேல் பூஸ்ட்டோடு, அதாவது அந்தக் காற்றழுத்தத்தோடு, சம்பந்தமே இல்லாத இடங்களில் செலவாகட்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. டெட்ராய்ட் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக இன்ஜின் காலிபரேஷன் வேலை, அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்கு எழுதிவைப்பது. இதே கோப்ராவின் 2004 மாடல் ஒன்றைப் பதினோரு வருடம் வைத்திருந்தேன். ஆகவே காற்று, எரிபொருள், தீப்பொறி பற்றிச் சொல்வது தொழிலில் கற்றது. சஸ்பென்ஷன் பற்றிச் சொல்வது என் கராஜில் கையை அழுக்காக்கிக்கொண்டு கற்றது. அதற்கு அந்த அளவு மதிப்பே கொடுங்கள். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, அதன் சத்தத்தையும் கேட்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த இன்ஜின் ஏன் இவ்வளவு தாங்குகிறது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 1999 கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. வாங்கியவர்கள் சக்கரத்தில் வரும் குதிரைத்திறனை அளக்கிற டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தால் கணக்கு இடித்தது. கடைசியில் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சூடு கண்ட பூனை அடுத்த முறை என்ன செய்யும்? ஜான் கோலெட்டி தலைமையில் எஸ்.வி.டி. குழு 2003-க்குக் கொண்டுவந்த இன்ஜினில் எல்லாமே ஒரு சுற்று அதிகம். 4.6 லிட்டர், 32 வால்வு, வார்ப்பிரும்பு பிளாக், மேன்லியின் ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராட், ஃபோர்ஜ்டு பிஸ்டன், 8.5-க்கு 1 கம்ப்ரஷன், மேலே ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், 8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பூஸ்ட். மிச்சிகனில் ரோமியோ தொழிற்சாலையில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து கையால் கோத்து, தங்கள் பெயரைப் பொறித்த தகட்டையும் ஒட்டி அனுப்பினார்கள். பானெட்டைத் திறந்து உங்கள் இன்ஜினைக் கட்டியவர்கள் யார் என்று பாருங்கள், அது ஒரு சின்னச் சந்தோஷம்.

தாளில் 390 குதிரை என்றுதான் எழுதினார்கள். கிராங்கில், அதாவது இன்ஜினின் வெளியேறும் தண்டில், 390 இருந்தால், கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்றது போகச் சக்கரத்தில் 330 பக்கம் வர வேண்டும். இந்த வண்டிகளோ எதையும் தொடாமலே 360 பக்கம் காட்டின. 1999 பட்ட அடி அப்படி. ஆக, இன்ஜினின் அடிப்பாகத்துக்கு 450 ஒரு பாரமே இல்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாரம் எல்லாம் அதைச் சுற்றியிருக்கிற வண்டிக்குத்தான். இன்ஜின் 2003-ஐச் சேர்ந்தது. அது உட்கார்ந்திருக்கிற உடம்போ 1978-இல் வந்த ஃபாக்ஸ் தளத்தின் வழித்தோன்றல். நடுவில் பலமுறை வலுவேற்றினார்கள், அவ்வளவுதான். இரும்பு பிளாக்கால் மொத்த எடையில் சுமார் 57 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் நிற்கிறது. பின்னால் இருக்கிற தனித்தனி சஸ்பென்ஷனை, பழைய ஒற்றை ஆக்சில் மாட்டியிருந்த அதே இடங்களில் ஒரு சப்ஃபிரேமை (துணைச் சட்டத்தை)த் தொங்கவிட்டுக் கோத்திருக்கிறார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனாலும் சமரசம் சமரசமே.

சரி, முதலில் டயர். இன்றைக்குச் சாயங்காலமே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் டயரின் பக்கவாட்டில் 'டாட்' எழுத்துகளோடு தொடங்கும் வரிசையைத் தேடுங்கள். அது நான்கு இலக்கத்தில் முடியும். 3214 என்றால் 2014-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்த டயர். முழு எண்ணும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அது உள்பக்கமாக இருந்தால் வண்டிக்கு அடியில் தலையைவிடத்தான் வேண்டும். வாரக்கடைசி வண்டிகளில் டயர் தேய்வதில்லை, காய்ந்துபோகிறது. பட்டை ஆழமாகத் தெரியும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டையாகியிருக்கும். பத்து வருட டயரில் 450 குதிரை என்பது ஹூஸ்டன் மழையில் வம்பை விலைக்கு வாங்குவது. சாதாரண டர்போ வண்டியில் முறுக்கு விசை ஏறுவதற்குள் யோசிக்க ஒரு விநாடி கிடைக்கும். இந்த வகை சூப்பர்சார்ஜர் காலை வைத்ததுமே, 2,500 சுற்றிலேயே, எல்லாவற்றையும் கொட்டிவிடும். கம்பெனி கொடுத்த அளவு 275/40 ஆர் 17, அதிலேயே இன்றைய நல்ல கோடைக்கால டயர் நாலு போடுங்கள். இது ஒன்றே வண்டியைப் பாதி மாற்றிவிடும். பெரிய ரிம் வேண்டுமா என்றால், அழகுக்கு என்றால் உங்கள் இஷ்டம். ஓட்டத்துக்கு என்றால் தேவையில்லை.

அடுத்து பின்பக்கத்து புஷ்கள். டயர் பிடிப்பு கூடியதும் இதுவரை ஒளிந்திருந்த ஒரு நோய் வெளியே வரும். நின்ற இடத்திலிருந்து வேகமாக எடுக்கும்போது பின்னாலிருந்து டம டம டமவென்று யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருக்கும். வீல் ஹாப் என்பார்கள். டயர் பிடிக்கும்போது சப்ஃபிரேமும் டிஃபரன்ஷியலும் மெத்தென்ற ரப்பர் புஷ்களில் ஒரு ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொள்கின்றன, பிடி நழுவியதும் முறுக்கு அவிழ்கிறது, மறுபடி பிடிக்கிறது. விநாடிக்குப் பல முறை இது நடக்கும்போது ஒவ்வொரு அடியும் ஆக்சில் ஷாஃப்ட்டில் இறங்கும். நண்பர் ஒருவரின் கோப்ராவில் அந்தச் சத்தம் வந்தும் காலை எடுக்காமல் இருந்தார், நான் பக்கத்து சீட்டில். நாலாவது அடியில் "டங்" என்று ஒன்று, அதன் பிறகு கியரைப் போட்டாலும் வண்டி நகரவில்லை. டோ டிரக் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கு மருந்து, டிஃபரன்ஷியலைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களையும் சப்ஃபிரேம் புஷ்களையும் கெட்டியானவையாக மாற்றுவது. இங்கே ஒரு பேரம் இருக்கிறது. அலுமினியம் புஷ் போட்டால் ஹாப் ஏறக்குறைய ஒழியும், ஆனால் டிஃபரன்ஷியலின் ரீங்காரம் உங்கள் முதுகெலும்பில் கேட்கும். பாலியூரித்தேன் நடுவழி. தினமும் ஓட்டும் வண்டி என்பதால் சப்ஃபிரேமுக்கு அலுமினியம், டிஃபரன்ஷியலுக்குப் பாலியூரித்தேன் என்று நான் போட்டேன். மனைவி "இப்போ வண்டி முனகுது" என்றாள், அதற்கு மேல் புகார் இல்லை. இந்தக் கலவைதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சத்தம் யாருக்கு எவ்வளவு பொறுக்கும் என்பதைப் பொறுத்த விஷயம் அது. அந்த சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டு ஒற்றை ஆக்சில் போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். கால் மைல் நேர்க்கோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. உங்கள் சனிக்கிழமைச் சுற்றில் மேடு பள்ளமான வளைவுகள் இருந்தால், அந்தத் தனித்தனி சஸ்பென்ஷன்தான் இந்த வண்டியை மற்ற மஸ்டாங்குகளிலிருந்து பிரிக்கிற விஷயம். அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ஷாக் அப்சார்பர் கம்பெனியே பில்ஸ்டீன் கொடுத்தது. நல்ல சரக்கு, ஆனால் வயசாகியிருக்கும். எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்த்தும் ஆசை இருந்தால் ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் முன்பக்கம் மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். உடம்பின் அடியில் நீளவாக்கில் வெல்டு செய்கிற சப்ஃபிரேம் கனெக்டர் என்று ஒன்று உண்டு, இந்தத் தளத்துக்கு அது நல்ல வைத்தியம். வெல்டு செய்பவர் வண்டியைச் சக்கரத்தின் மேல் நிற்க வைத்துச் செய்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தொங்கவிட்டுச் செய்தால் வளைந்த நிலையிலேயே உடம்பு இறுகிப்போகும்.

பிரேக்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. முன்னால் 13 அங்குல டிஸ்க், இரட்டை பிஸ்டன் காலிப்பர், தெருவுக்கு அது போதும். ஆனால் கணக்கை ஒரு முறை பாருங்கள்: 1,700 கிலோ வண்டி மணிக்கு 110 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 0.8 மெகாஜூல். 160 கி.மீ. வேகத்திலிருந்து என்றால் 1.7 மெகாஜூல். குதிரை கூடினால் நீங்கள் அறியாமலே அந்த இரண்டாவது எண்ணுக்குப் போய்விடுவீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும், கொதித்தால் பெடல் தரைவரை போகும். புது டாட் 4 ஆயில், நல்ல பேட், வயதான ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் புதியவை. ஒரு நாள் வேலை.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். புல்லியைச் சின்னதாக்கினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், பூஸ்ட் கூடும். எல்லோரும் சொல்லுவது அது. காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதைத்தான் மெல்ல முழுங்கிவிடுவார்கள். ஈட்டன் எம்112 ரூட்ஸ் வகை, நம்பகமானது, ஆனால் காற்றை அமுக்குவதில் கெட்டிக்காரன் இல்லை. அதன் திறனை 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. 35 டிகிரிக் காற்று உள்ளே போகிறது. 8 பி.எஸ்.ஐ.க்கு அமுக்கினால் சுமார் 110 டிகிரியில் வெளியே வரும். 12-க்கு அமுக்கினால் 140. 14 என்றால் 150-ஐத் தாண்டிவிடும். வேகமாகச் சுழலச் சுழல அந்த 55 சதவீதமும் கீழே இறங்கும் என்பதால், உண்மை நிலவரம் கணக்கைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் எடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது தண்ணீரால் குளிரும் வகை. சூப்பர்சார்ஜருக்கு நேர் கீழே, இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில், அதாவது அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று தனித் தண்ணீர், தனி மின்பம்ப், முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர்.

இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான், புல்லியில் ஆரம்பித்தேன். டைனோவில் 460-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ். வருடா வருடம் பழைய வண்டிகள் ஊர்வலம் போகிற நாள், நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு கூட்டம் கலைந்த ஒரு சிக்னலில் பக்கத்தில் ஒரு சாதாரண வி8 வண்டி. பச்சை விழுந்தது, மிதித்தேன். வண்டி சோம்பல் முறித்துக்கொண்டு கிளம்பியது, அவ்வளவுதான். பக்கத்து வண்டி போயே போய்விட்டது. மடியில் லேப்டாப்போடு இருந்த என் மகன் ரீடிங்கைப் படித்தான்: இன்டர்கூலருக்குப் பின்னால் காற்றின் சூடு 78 டிகிரி. அந்தச் சூட்டில் பிஸ்டனைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. அந்தச் சூட்டுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்ததே என்னைப் போன்ற ஓர் ஆள்தானே.

எனவே பூஸ்ட்டைத் தொடுவதற்கு முன் அந்தத் தண்ணீர்ச் சுற்றைச் சரிசெய்யுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் கலங்கிச் சுழல வேண்டும். அசையாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் பம்ப் போயிருக்கிறது, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. வண்டி ஓடும், எந்த விளக்கும் எரியாது, பல பேர் வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். பிறகு முன்னாலிருக்கிற அந்த ரேடியேட்டரைப் பெரியதாக மாற்றுங்கள். டெக்சாஸ் வெயிலுக்கு, என்னைக் கேட்டால், இந்த வண்டியில் செலவழிக்கிற முதல் "பவர் பார்ட்" இதுதான். டைனோ தாளில் இதனால் பெரிதாக எதுவும் ஏறாது. ஐந்தாவது சிக்னலில் தெரியும்.

அதே சமயத்தில் இன்ஜினின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்றது. இந்த இன்ஜினில் ஓட்டுநர் பக்கத்து ஹெட்டின் பின்பகுதியிலிருந்து சூடானபின் ஒரு "டிக் டிக்" வருவதுண்டு, 2003-இன் ஆரம்ப வண்டிகளில் அதிகம். சத்தம் இருப்பது உண்மை, பலருக்கு ஹெட்டையே மாற்றிக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. காரணம் என்ன என்பதில்தான் சச்சரவு. பின் சிலிண்டர்களுக்குக் குளிர்நீர் சரியாகப் போவதில்லை, வால்வு கைடு தேய்கிறது என்பதே அதிகம் பேர் ஏற்கிற விளக்கம், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஐடிலில் முன்பக்கம் டீசல் வண்டி மாதிரி ஒரு கடகடப்பு கேட்டால் அதற்காகப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் சூப்பர்சார்ஜர் மூக்குக்குள் இருக்கிற கப்ளர், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் நின்றுவிடும். ஆனால் சூப்பர்சார்ஜருக்கென்று தனியாக இருக்கிற கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். இத்தனை வருடத்தில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த 450-க்கு வருவோம். சக்கரத்தில் 450 என்றால் கிராங்கில் சுமார் 530. சூப்பர்சார்ஜர் போட்ட பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்டு எரிபொருள் கேட்கும் என்பது தொழிலில் வைத்துக்கொள்கிற தோராயக் கணக்கு. உங்கள் வண்டியில் இருப்பது மணிக்கு 39 பவுண்டு விடுகிற இன்ஜெக்டர் எட்டு. 85 சதவீத நேரம் திறந்திருக்கலாம் என்று வைத்தால் கிராங்கில் 440 குதிரைக்குத்தான் பெட்ரோல் வரும். அதே இன்ஜெக்டரோடு 500-க்கு மேல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இன்ஜெக்டர் மூடுவதே இல்லை, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. குளிர்ந்த காற்றுள்ள ஒரு ஜனவரி காலையில் காற்றின் அடர்த்தி கூடும்போது கூடுதலாகக் கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது. எனவே புல்லி என்றால் இன்ஜெக்டரும்தான். 60 பவுண்டு வகை போட்டால் நிம்மதி.

இதே கதை காற்றை அளக்கிற சென்சாருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் 5 வோல்ட்டைத் தொட்டபின் எவ்வளவு காற்று வந்தாலும் அதே 5 வோல்ட்தான் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அளவைக் குறைத்தே பெட்ரோல் விடும். பூஸ்ட்டில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கலவை 11.5-க்கு 1 பக்கம் இருக்க வேண்டியது 13-க்குப் போனால், அந்த மேன்லி ராடுகள் உங்களைக் காப்பாற்றாது, பிஸ்டன்தான் உருகும். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி கொஞ்சம் குறைத்து. பெல்ட்டையும் மறக்க வேண்டாம். சின்னப் புல்லியை பெல்ட் சுற்றிப் பிடிக்கிற பரப்பு குறைவு, 5,000 சுற்றுக்கு மேல் வழுக்கும். லாகில் (ஓட்டத்தின் பதிவில்) பூஸ்ட் 12-க்கு ஏறி, பிறகு 10-க்கு இறங்கினால் டியூனரைத் திட்டுவதற்கு முன் புல்லியின் பள்ளங்களில் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெல்ட்டைப் புல்லியோடு இன்னும் சுற்றவைக்கிற கூடுதல் ஐட்லர் உருளை ஒன்றில் தீர்ந்துவிடும் பிரச்சினை அது.

எந்தப் புல்லி என்று கேட்டால், சூப்பர்சார்ஜரில் இருக்கிற மேல் புல்லியில் 3 அங்குலத்துக்குச் சற்றுக் கீழான அளவு, பூஸ்ட் 12 பக்கம், சக்கரத்தில் 420 முதல் 430. அங்கே நிறுத்துங்கள். இது என் அபிப்பிராயம் மட்டுமே, சட்டமில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஈட்டனில் அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யும் குதிரையைவிட சூட்டைத்தான் அதிகமாகத் தருகிறது. 500 வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்றால் புல்லியைச் சுருக்கிக்கொண்டே போகாதீர்கள், காசு சேர்த்து ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகை சூப்பர்சார்ஜருக்குப் போங்கள். அதன் திறனை 70 சதவீதம் என்று வைத்தால் 14 பி.எஸ்.ஐ.யிலும் காற்று 130 டிகிரிக்குள் வரும், அதாவது ஈட்டன் 12-இல் தருவதைவிடக் குளிர்ச்சியாக. ஆனால் அது ஆறாயிரம் டாலர் திட்டம் இல்லை, கிளட்சும் கூடவே போகும். எக்ஸாஸ்டில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்கிற கடைக்குப் போகாதீர்கள். அது கூட்டாட்சிச் சட்டத்துக்கே விரோதம், நாற்றமும் காருக்குள் வரும்.

கடைசியாக டியூனர். உங்கள் ஊரில் யார் நல்லவர் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் எப்படிச் சோதிப்பது என்று சொல்ல முடியும். என் முதல் டியூனர் 471 என்று தாள் கொடுத்தார். பானெட் திறந்திருந்தது, முன்னால் ஆளுயர மின்விசிறி, இன்டேக்கின் மேல் ஐஸ் மூட்டை. நீங்கள் பானெட்டை மூடச் சொல்லுங்கள். இடைவெளி விடாமல் மூன்று ஓட்டம் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் காற்றின் சூடு, கலவை, தீப்பொறி நேரம் மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தின் எண் அவர் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு, மூன்றாவதுதான் உங்கள் வண்டி. இரண்டுக்கும் இடையில் 40 குதிரை விழுந்தால் புல்லியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இன்டர்கூலரில் இன்னும் வேலை இருக்கிறது. இன்னொரு விஷயம், ஒரு கடையின் எண்ணை இன்னொரு கடையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். டைனோஜெட்டில் அளப்பதும் மஸ்டாங் டைனோவில் அளப்பதும் வேறு வேறாகத்தான் வரும், இரண்டாவது பொதுவாகக் குறைத்தே காட்டும். (பெயரைப் பார்த்து அது ஃபோர்டு மஸ்டாங்குக்கென்றே செய்த இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம், நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.) ஒரே இயந்திரத்தில், மாற்றுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

கழற்றுகிற புல்லி, இன்ஜெக்டர், புஷ் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, தேதியும் கி.மீ.யும் எழுதிப் பரணில் வையுங்கள். என் வண்டியை விற்றபோது வாங்க வந்தவர் இன்ஜினைப் பத்து நிமிடம் பார்த்தார், அந்தப் பெட்டியை அரை மணி நேரம் பார்த்தார்.